உப்புக் கணக்கு

காங்கயத்தில் கடல் வந்து இறங்கியது
பின்னிரவு இரண்டே காலுக்கு,
தார்ப்பாய் போர்த்திய லாரியில்.
எடைமேடைச் சீட்டில் எழுதினேன்:
பாசி, ஈரம், ஒன்பது டன் நானூறு.
வழியெல்லாம் சொட்டியது போக
மிச்சத் தண்ணீருக்கும் சேர்த்துத்தான் வாடகை.

ஓட்டி வந்த நம்புராஜன்
கைலியை உதறிக் கட்டிக்கொண்டு சொன்னார்:
"பவளத்து மேல போர்வை மாதிரிப் படுத்துக்கிருச்சு.
உரிச்சா அடியில வெள்ளை வெளேர்னு செத்துக் கெடக்கு.
அறுத்தாலும் விடாது.
கையில இருந்து நழுவுன துண்டு
போன எடத்துல ஒரு காடு."
எங்கிருந்தோ பிழைப்புக்கென்று கொண்டுவந்து
கட்டி வளர்த்ததாம். கயிறு அறுந்து போனது
யாருக்கும் தெரியாதாம்.

தேங்காய்ப் பருப்பு காய்கிற களத்தில்
மேற்கு மூலையை ஒதுக்கினோம்.
விடிந்ததும் வந்த தெய்வாத்தாள்
முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.
"ஒறம்பரை வந்தா ரெண்டு நாள் இருந்துட்டுப் போகோணும்.
இது ஊட்டையே எழுதிக் கேட்ட சாதியாட்டம் இருக்குதுங்."
சொல்லிக்கொண்டே வாரியை எடுத்துப் பரப்பினாள்.
நாலு நாள் வெயிலில்
பத்துக்கு ஒன்றாகச் சுருங்கிற்று.
பருப்பு வாங்க வந்த வியாபாரி
வண்டியை விட்டு இறங்கவில்லை.

முதல் மூன்று லோடும்
அலசாமலேதான் உலையில் போட்டோம்.
நாலாவதற்குக் குழாய் முழங்கையில் ஓட்டை.
கணபதியிலிருந்து வந்த கோவிந்தராஜுலு
ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு
அந்தப் பக்கம் ஆட்டிக் காட்டினார்.
"கப்பலைத்தான் தின்னும்னு நெனச்சேன்.
காங்கயத்துக்கு வந்து என் வெல்டிங்கைத் தின்னிருக்கு."

அலச வேண்டும். ஏழு தண்ணீர்.
ஆயிரத்து நூறு அடி ஆழ்குழாய்,
அதிலும் பொழுதோட ஒரு மணி நேரம்தான் ஊறும்.
எடுத்தால் விடுவது எங்கே?
சுவருக்குக் கிழக்கே கொளந்தசாமியின் முருங்கை.

அவர் சத்தம் போடவில்லை.
செருப்பை வாசலில் விட்டுவிட்டு
ஆபீசுக்குள் வந்து உட்கார்ந்தார்.
"நொய்யல்ல சாயத்தண்ணி வந்தப்ப
உப்புக் குடிச்சுச் செத்த தென்னை எனக்கு அறுவத்திநாலுங்.
மட்டை இல்லாம நிக்குது, எண்ணிக்கலாம்.
அது ஆத்துல தானா வந்துச்சு.
நீங்க லாரி வெச்சுக் கொண்டாறீங்க."
முதலாளி செல்போனைப் பார்த்தார்.
அது அடிக்கவே இல்லை.

கடைசியில் களத்திலேயே தாள் விரித்து
வரப்புக் கட்டி
அலசிய தண்ணீரை வெயிலுக்கு விட்டோம்.
அதற்கு ஒரு வாரம்,
பருப்புக்காரர்களுக்கு இன்னொரு மூலை நட்டம்.

காற்றுப் புகாத உலை, நானூற்றைம்பது டிகிரி.
முதல் சொட்டு பகல் பதினொன்று நாற்பதுக்கு.
கருகருவென்று, புகை நாற்றத்தோடு.
எண்ணெயிலேயே பிழைத்த ஊர் இது.
தலைக்கும் ஆகாது தாளிக்கவும் ஆகாது என்று
முகர்ந்து பார்த்தே முகத்தைச் சுளித்தது.
ஆனால் டீசலோடு கலந்து ஊற்றியதும்
ஜெனரேட்டர் இருமிவிட்டு ஓடியது.

ஓட்டியது எதை?
ஆழ்குழாய் மோட்டாரை.
அடுத்த லோடை அலச.

நூற்றுப் பதினொரு லிட்டர் வரவு.
மோட்டாருக்கு மட்டும் அறுபத்தி மூன்று பற்று.
இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன்.
"மிச்சம் இருக்குதல்லோ?" என்றார் முதலாளி.
இருக்குதுங் என்றேன்.
லாரி ஊர் திரும்பக் குடிக்கிற டீசலை
நான் எந்தப் பக்கம் எழுதுவது என்று
அவர் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.
அங்கே ஒரு பாறை வெளிச்சம் பார்த்திருக்கும்.
அதை லிட்டரில் எழுத முடியாது.

எட்டாம் நாள் தாளின் மேல்
மெல்லிசாக வெள்ளை பூத்திருந்தது.
கொளந்தசாமி சுவரோரமாக வந்து குனிந்தார்.
ஒரு சிட்டிகை கிள்ளி நாக்கில் வைத்தார்.
துப்பினார்.
"சாய உப்பு இல்லைங். இது வேற."

வேற என்றால்
சரி என்றா, ஆகாது என்றா?
தெய்வாத்தாள் வாரியை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.
அவர் வரப்பின் மூலையில் ஒரு கசிவைக் கண்டு
செருப்புக் காலால் மண்ணைத் தள்ளி
மிதித்துக்கொண்டிருந்தார்.